வேண்டப்படுதல் எனும் வேட்கை

மனிதனுக்குப் பசிகள் பல. வயிற்றுப் பசியைப் பற்றி நம் இலக்கியங்கள் நிரம்பப் பேசியிருக்கின்றன. அறிவுப் பசி, பொருட்பசி, புகழ்ப் பசி ஆகியவற்றையும் நாம் அறிவோம். ஆயின் பெயர் சொல்லி அழைக்கப்படாமல், பெரும்பாலும் நல்லவர்களின் நெஞ்சிலேயே குடியிருக்கும் பசி ஒன்று உண்டு. பிறருக்கு நாம் தேவைப்படுகிறவராக இருக்க வேண்டும் என்னும் பசியே அது.

புகழை விரும்புகிறவன் ஊரார் தன்னைக் காண வேண்டும் என்று எண்ணுகிறான். அன்பை விரும்புகிறவன் ஓர் உள்ளத்திலாவது தனக்கு இடம் வேண்டும் என்று எண்ணுகிறான். வேண்டப்படுதலை விரும்புகிறவன் எண்ணுவது வேறு. தான் இல்லையென்றால் ஏதேனும் ஒன்று நின்றுபோக வேண்டும் என்று அவன் உள்ளம் எதிர்பார்க்கிறது. "நான் ஒரு வாரம் ஊருக்குப் போனால் இந்த வீடு என்ன ஆகும்?" என்று அடுக்களையில் ஒரு தாய் கேட்கிறாள். "நான் ஒரு நாள் விடுப்பு எடுத்தால் கோப்புகள் அப்படியே கிடக்கும்" என்று அலுவலகத்தில் ஓர் எழுத்தர் சொல்கிறார். "நான் விலகிவிட்டால் இந்தச் சங்கம் அவ்வளவுதான்" என்று செயலாளர் பெருமூச்சு விடுகிறார். இச்சொற்கள் குறைகூறும் குரலில் வருகின்றன. செவி கொடுத்துக் கேட்டால் அக்குரலின் அடியில் ஓர் இன்பம் ஒலிப்பது புலப்படும். அந்த இன்பம் இயல்பானதா, தீங்கானதா, ஆசிரியர்களாகிய நாம் அதனை எவ்வாறு ஆள்வது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சிக்கு என்னைத் தூண்டியவள் உயர்நிலை ஒன்றாம் வகுப்பில் பயிலும் ஒரு மாணவி. கற்பனைக் கட்டுரைக்கு ஒரு தலைப்பு வேண்டும் என்று வகுப்பில் கேட்டபோது, பிள்ளைகள் ஒரே குரலில், அவர்கள் 'சூப்பர்ஹீரோ' என்று சொல்லும் அதிவீரர்களைப் பற்றி எழுதலாம் என்றார்கள். ஒருவன் பறக்க விரும்பினான். மற்றொருவன் தீவு விரைவுச்சாலையில் கவிழவிருக்கும் பேருந்தை ஒரு கையால் தாங்க விரும்பினான். இந்த மாணவி மட்டும் எழுதாமல் பேனாவைப் பிடித்தபடி இருந்தாள். காரணம் கேட்டேன். "ஐயா, ஊரில் எந்தக் குற்றமும் நடக்காத நாளில் அவர் என்ன செய்வார்?" என்றாள். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. சிங்கப்பூர் போன்ற ஒழுங்கான ஊரில் வளரும் பிள்ளைக்கே இவ்வினா தோன்றும் என்று அப்போது எண்ணிக்கொண்டேன். பின்னர் எண்ணிப் பார்க்கையில், அதிவீரர் கதைகள் அனைத்தின் உயிர்நிலையையும் அவள் தொட்டுவிட்டாள் என்பது விளங்கிற்று.

சூப்பர்மேன் 1938ஆம் ஆண்டில் அமெரிக்கச் சித்திர இதழில் தோன்றியவன். அவனைத் தொடர்ந்து எத்தனையோ பேர் வந்தார்கள். 1998இல் நம் சிங்கப்பூர்த் தொலைக்காட்சியும் 'விஆர் மேன்' என்னும் அதிவீரனை உருவாக்கிப் பார்த்தது. என் தலைமுறைப் பிள்ளைகளுக்கு நெருக்கமானவன் இரும்புக்கை மாயாவி. 1962இல் பிரிட்டனின் 'வேலியண்ட்' வார இதழில் பிறந்த அவனை, 1970களின் தொடக்கத்தில் சிவகாசியின் முத்து காமிக்ஸ் தமிழ் பேச வைத்தது. தமிழகத்திலிருந்து வரும் உறவினரின் பெட்டியில் பலகாரத்துக்கு அடுத்தபடியாக நாங்கள் தேடியது அந்தப் புத்தகங்களைத்தான். ஆய்வுக்கூட உதவியாளனாகிய மாயாவி, கையொன்றை இழந்து இரும்புக்கை பூண்டவன். உடலில் மின்சாரம் பாய்ந்தால், அந்த இரும்புக்கை தவிர மற்ற உடல் முழுவதும் மறைந்துவிடும். சிறிது நேரத்தில் அந்த ஆற்றல் தீர்ந்துவிடும். மீண்டும் மறைய வேண்டுமானால் மீண்டும் மின்சாரத்தைத் தொட வேண்டும். சிறுவயதில் இது வெறும் வேடிக்கையாக இருந்தது. இன்று அதனைப் படிக்கும்போது, உதவி செய்யும் பலருடைய மனநிலைக்கு அது நல்ல உருவகமாகத் தோன்றுகிறது. பிறருடைய அபயக் குரலே அவர்களுக்கு மின்சாரம். அக்குரல் கேட்டதும் அவர்கள் பேராற்றல் பெறுகிறார்கள். குரல் ஓய்ந்த வேளையில் தம் வெறுமையை எதிர்கொள்ள அஞ்சி, அடுத்த மின்கம்பியைத் தேடுகிறார்கள்.

கதாசிரியர்களும் இதனை அறியாதவர்கள் அல்லர். 1962இல் அறிமுகமான ஸ்பைடர்மேன், 1967இல் வெளிவந்த ஐம்பதாவது இதழில் தன் உடையைக் குப்பைத் தொட்டியில் எறிந்துவிட்டு விலகிச் செல்கிறான். இனிப் படிப்பு, வீடு, நட்பு என்று வாழ முடிவெடுக்கிறான். பின்னர் ஒரு முதிய காவலரை ஆபத்திலிருந்து காக்கிறான். அம்முகம், கொலையுண்ட தன் சித்தப்பாவின் முகத்தை நினைவூட்டுகிறது. உடையை மீண்டும் எடுத்துக்கொள்கிறான். நகரத்துக்கு அவன் தேவைப்பட்டான் என்பது உண்மை. நகரம் தன்னை அழைக்க வேண்டும் என்பது அவனுக்கும் தேவையாக இருந்தது என்பதும் உண்மை. காக்க முடியாமற்போன ஒருவருக்காக, காக்கக்கூடிய அனைவரையும் அவன் காத்துக்கொண்டே இருக்கிறான்.

2004இல் வெளிவந்த 'தி இன்கிரெடிபிள்ஸ்' என்னும் படம் இன்னும் ஓர் அடி முன்னே செல்கிறது. அதிவீரச் செயல்களுக்குத் தடை விதிக்கப்பட்ட பின், பெருவலிமை படைத்த ஒருவன் காப்பீட்டு நிறுவனத்தின் சிறிய மேசையில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறான். இரவில் மனைவிக்குத் தெரியாமல் நண்பனோடு காரில் அமர்ந்து, காவல்துறை வானொலியில் எங்கேனும் அபாயச் செய்தி வருகிறதா என்று காத்திருக்கிறான். வீட்டில் மனைவியும் மக்களும் அவன் கவனத்துக்காகக் காத்திருக்கிறார்கள். அக்கதையின் எதிராளியோ, ஓர் இயந்திர அரக்கனைத் தானே உருவாக்கி ஊருக்குள் ஏவிவிட்டு, தானே அதனை அடக்கிக் கைதட்டல் பெற முயல்கிறான். வேண்டப்படும் வேட்கை முற்றினால் எங்கே கொண்டு சேர்க்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி வேண்டுவதில்லை. முதலில் ஆபத்தைத் துடைக்கிறோம். பிறகு ஆபத்தை எதிர்பார்க்கிறோம். முடிவில் ஆபத்தை உண்டாக்குகிறோம்.

உளவியலார் இவ்வேட்கையை முற்றும் பழிக்கவில்லை. எரிக் எரிக்சன் 1950இல் வெளியிட்ட 'குழந்தைப் பருவமும் சமுதாயமும்' என்னும் நூலில் மனித வாழ்வை எட்டுப் பருவங்களாகப் பகுத்தார். நடுவயதினரின் பருவம் ஏழாவது. அடுத்த தலைமுறையை உருவாக்கும் ஆக்கமும், தன்னுள்ளேயே சுருங்கிவிடும் தேக்கமும் அப்பருவத்தில் போரிடுகின்றன. முதிர்ந்த மனிதனுக்குப் பிறரால் வேண்டப்படுதல் ஒரு தேவை என்பது அவர் கருத்து. இளையோர் முதியோரைச் சார்ந்திருப்பதையே பேசும் நாம், முதியோர் இளையோரைச் சார்ந்திருப்பதைக் காணத் தவறுகிறோம் என்றும் அவர் சுட்டிக்காட்டினார். ஐம்பதைக் கடந்த எனக்கு இக்கருத்து ஆறுதல் தருகிறது. இந்தப் பசி நோயன்று, பருவத்தின் இயல்பு.

ஆயின் எந்தப் பசியும் அளவு மீறினால் நோயாகும். ஜெர்மானிய உளவியலார் வொல்ஃப்காங் ஷ்மிட்பவர் 1977இல் மருத்துவர், தாதியர், சமூகத் தொண்டர், ஆசிரியர் ஆகியோரின் மனநிலையை ஆராய்ந்து, தமக்குள் இருக்கும் ஆதரவின்மையை மறைக்கவே சிலர் ஓயாமல் பிறருக்கு ஆதரவு தருகின்றனர் என்றார். இத்தகையோர்க்குக் கொடுக்கத் தெரியும்; பெறத் தெரியாது. பிறர் கண்ணீரைத் துடைப்பார்கள். தம் கண்ணில் நீர் வந்தால் அறையைவிட்டு வெளியேறுவார்கள். நோய் வந்தாலும் விடுப்பு எடுக்காமல் பள்ளிக்கு வரும் ஆசிரியர்களை நாம் அனைவரும் அறிவோம். அவர்களுடைய கடமையுணர்வைப் போற்றுகிறோம். அவர்கள் வீட்டிலிருந்து கேட்டால் அப்போற்றுதலில் பாதி குறையக்கூடும்.

மேலைநாட்டார் கண்டு சொன்னதை நம் சங்கப் புலவர்கள் நெடுங்காலத்துக்கு முன்பே கண்டுவிட்டார்கள். கடையெழு வள்ளல்களுள் ஒருவன் வையாவிக் கோப்பெரும் பேகன். மயில் குளிரால் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையை ஈந்தவன் என்பதைப் பள்ளிப் பிள்ளையும் அறியும். மயில் போர்வையைக் கேட்கவில்லை. அதற்குப் போர்த்திக்கொள்ளவும் தெரியாது. ஈவோனின் உள்ளத்தில் பெருகிய இரக்கம் இடம் பாராமல் வழிந்தது. அதனைக் கொடைமடம் என்று சான்றோர் சிறப்பித்தனர். இதுவரை நாம் வகுப்பில் கற்பிக்கிறோம். இதற்கு அடுத்த பகுதியைப் பெரும்பாலும் கற்பிப்பதில்லை. அதே பேகன், தன் மனைவி கண்ணகியைத் துறந்து வேறொருத்தியின் ஊரில் தங்கியிருந்தான். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என நால்வர் அவள் பொருட்டு அவனிடம் பாடிய பாட்டுகள் புறநானூற்றில் உள்ளன. பரணர் தம் பாட்டொன்றில், மயிலுக்கு இரங்கியவனே என்று விளித்து, யாம் பசித்து வரவில்லை, எமக்குக் காக்க வேண்டிய சுற்றமும் இல்லை, இன்றிரவே தேரேறிச் சென்று அவள் துயரைக் களைவதே யாம் வேண்டும் பரிசில் என்ற கருத்துப்பட வேண்டுகிறார்.

எத்துணை நுட்பமான உளவியல்! மயிலின் நடுக்கம் கண்ணுக்குத் தெரிந்தது. மனைவியின் கண்ணீர் தெரியவில்லை. காட்டில் நடுங்கும் மயில் கேள்வி கேட்பதில்லை. ஈந்தவுடன் மனம் நிறைகிறது. வீட்டில் அழுகிறவளுக்கு ஈய வேண்டியது போர்வையன்று. தன்னையே ஈய வேண்டும். வெளியுலகுக்கு வள்ளலாக விளங்குவோர் பலர் வீட்டில் வறியவராக இருப்பதன் காரணம் இதுவே. புலவர்கள் பேகனின் கொடையை மறுக்கவில்லை. அதனைச் செல்ல வேண்டிய இடத்துக்குத் திருப்பினார்கள்.

வள்ளல்களும் கதை மாந்தரும் மட்டுமே இவ்வேட்கைக்கு ஆளாவதில்லை. நம் கண்ணெதிரே, பெயர் அறியப்படாத அதிவீரர்கள் பலர் நடமாடுகின்றனர். ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்கா சந்தையிலிருந்து சிராங்கூன் சாலை நெடுகிலும் நடந்து பாருங்கள். கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வாரம் முழுவதும் உழைத்த தமிழ் இளைஞர்கள் அங்கே கூடியிருப்பர். பணம் அனுப்பும் கடைகளின்முன் வரிசை நீண்டிருக்கும். கையில் ஒரு தாள், நெஞ்சில் ஒரு குடும்பம். அக்காவின் திருமணம், வீட்டின் கூரை, தந்தையின் மருத்துவம், தம்பியின் படிப்பு ஆகிய அனைத்தும் அந்த வரிசையில் நின்றுகொண்டிருக்கும். ஊரில் அவன் பெயரைச் சொன்னால் விளக்கேற்றுவார்கள். இங்கே அவன் பத்துப் பேரோடு ஓர் அறையைப் பகிர்ந்து உறங்குகிறான்.

அத்தகைய ஒருவரோடு கேம்பல் லேனில் தேநீர் அருந்தியபடி பேசிக்கொண்டிருந்தேன். வந்து பதினோர் ஆண்டுகள் ஆயின என்றார்.

"போன மாசத்தோட கடன் எல்லாம் முடிஞ்சுது சார். தம்பிக்கும் வேலை கிடைச்சிருச்சு. 'இனிமே நீங்க பணம் அனுப்ப வேண்டாம்ணே, உங்களுக்குன்னு சேர்த்து வைங்க'ன்னு சொல்றான்."

"நல்ல செய்திதானே தம்பி?" என்றேன்.

"நல்ல செய்திதான் சார். ஆனா ஞாயித்துக்கிழமை வந்தா எங்க போறதுன்னு தெரியல."

தேநீர்க் குவளையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு சிறிது நேரம் எதிர்க்கடையைப் பார்த்தபடி இருந்தார். பதினோர் ஆண்டுகள் சுமந்த சுமையை இறக்கி வைத்தவரின் தோள், பழைய பாரத்தைத் தேடிக்கொண்டிருந்தது. அண்ணன் இனிப் பணம் அனுப்ப வேண்டாம் என்று சொன்ன தம்பி, அண்ணனை விடுதலை செய்வதாக எண்ணினான். அண்ணன் காதிலோ, 'நீ இனி வேண்டாம்' என்று விழுந்துவிட்டது. 'உன் பணம் வேண்டாம்' என்பதற்கும் 'நீ வேண்டாம்' என்பதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை உணர்த்த, இனி அந்தக் குடும்பம் வேறு மொழி கற்றாக வேண்டும். "அண்ணே, எப்போ வர்றீங்க?" என்று யாரேனும் கேட்டால் போதும்.

அந்த இளைஞர் தொழிலால் சாரம் கட்டுகிறவர். கட்டடம் எழும்போது அதைச் சுற்றிக் குழாய்களாலும் பலகைகளாலும் எழுப்பப்படும் தற்காலிக அமைப்பையே சாரம் என்கிறோம். அவர் தொழிலின் பெயரைக் கேட்டதும் என் பயிற்சிக் காலம் நினைவுக்கு வந்தது. 1990களின் தொடக்கத்தில், அப்போது புக்கிட் தீமா சாலையில் இருந்த தேசியக் கல்விக் கழகத்தில் பயிற்சி பெற்றபோது, டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் ஆகிய மூவரும் 1976இல் வெளியிட்ட ஆய்வொன்றைப் படித்தோம். மூன்று முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகள் மரத்துண்டுகளைப் பொருத்தி ஒரு பிரமிடை அமைக்க, ஆசிரியர் ஒருவர் எவ்வாறு துணைசெய்கிறார் என்பதே ஆய்வு. மூன்று வயதுக் குழந்தையைப் பணியில் ஈர்த்து நிறுத்தவே ஆசிரியர் மிகவும் முயல வேண்டியிருந்தது. ஐந்து வயதுக் குழந்தைக்கோ, தான் செய்தது சரிதானா என்று உறுதி கூறும் ஒருவர் இருந்தால் போதுமாக இருந்தது. இத்தகைய துணையைத்தான் அவர்கள் சாரம் என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் குறித்தார்கள்.

சாரம் இன்றிச் சுவர் எழாது. சுவர் எழுந்தபின் சாரம் நின்றால் குடியிருப்போர் சன்னலைத் திறக்க முடியாது. அந்த இளைஞர் எழுப்பிய சாரம் எதுவும் இன்று இந்நகரில் நிற்கவில்லை. அவற்றின் துணையால் எழுந்த அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. தமிழில் 'சாரம்' என்றால் பிழிந்தெடுத்த உட்பொருள் என்றும் பொருள் உண்டு. ஆசிரியத் தொழிலின் சாரம், சாரமாக இருந்து விலகுவதே எனலாம்.

சொல்வதற்கு இது எளிது. என் பழைய மாணவி ஒருத்தி தமிழாசிரியையாகப் பணியேற்ற புதிதில் வாரந்தோறும் தொலைபேசியில் அழைப்பாள். புணர்ச்சி விதியில் ஐயம், வகுப்பில் அடங்காத பையன், பெற்றோர் சந்திப்பில் என்ன பேசுவது என ஏதேனும் ஒன்று இருக்கும். இரண்டாம் ஆண்டில் மாதம் ஒருமுறை ஆயிற்று. மூன்றாம் ஆண்டில் அழைப்பே இல்லை. சென்ற ஆண்டு இந்திய மரபுடைமை நிலையத்தில் மாணவர்களை அழைத்து வந்திருந்தவளைக் கண்டேன். பிள்ளைகளை அரை வட்டமாக நிறுத்தி, ஒரு காட்சிப் பொருளைக் காட்டி, விடையைச் சொல்லாமல் வினாக்களை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் கற்பிக்கும் முறையைவிட அது நன்றாக இருந்தது. என்னைக் கண்டதும் ஓடி வந்து வணங்கி, "இப்போதெல்லாம் நானே சமாளித்துக்கொள்கிறேன் ஐயா" என்றாள். அந்த நொடியில் என்னுள் இரண்டு உணர்ச்சிகள் அருகருகே நின்றன. ஒன்று பெருமிதம். மற்றொன்று, தொலைபேசி ஒலிக்காத வெள்ளிக்கிழமை மாலையின் அமைதி. இரண்டில் ஒன்றை மறைத்து எழுதினால் இக்கட்டுரைக்குப் பயனில்லை.

தமிழாசிரியர்களாகிய நமக்கு இது தனிமனித உணர்ச்சியோடு முடிந்துவிடுவதில்லை. சிங்கப்பூரின் கடைசித் தமிழ்ப் பள்ளியான உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. 1987 முதல் ஆங்கிலமே எல்லாப் பள்ளிகளுக்கும் பயிற்றுமொழி. வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசும் இந்தியரின் விழுக்காடு 2010ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் 36.7ஆக இருந்தது; 2020இல் 27.9ஆகக் குறைந்தது. இந்தியர் என்னும் தொகுப்பில் பிற மொழியினரும் அடங்குவர் என்றாலும், சரிவு சரிவே. இக்கணக்கைக் கண்டு கலங்காத தமிழாசிரியர் இருக்க முடியாது. கலக்கத்தின் ஊடே நம்முள் அந்த அதிவீரன் எழுகிறான். 'தமிழ் ஆபத்தில் இருக்கிறது. அதனைக் காக்க நான் இருக்கிறேன்' என்கிறான்.

அவன் எழுவதில் நன்மை உண்டு. அவன் எழாவிட்டால் பல தமிழ் வகுப்புகள் இன்று இருந்திரா. ஆனால் அவன் பேச்சைத் தொடர்ந்து கேட்கும் பிள்ளையின் உள்ளத்தில் என்ன பதியும்? தமிழ் என்பது நோயாளி. தமிழ் வகுப்பு என்பது மருத்துவமனை. தமிழ் பேசுவது என்பது நோயாளியைப் பார்த்து நலம் விசாரிக்கும் கடமை. எந்தப் பிள்ளை மருத்துவமனைக்கு விளையாடச் செல்லும்? 'இளைய தலைமுறைக்குத் தமிழ் வரவில்லை' என்று மேடைதோறும் முழங்கும்போது, அக்கூற்று பொய்த்துப்போக வேண்டும் என்று நாம் உண்மையிலேயே விரும்புகிறோமா? நம் உதவியின்றி, நமக்குப் பிடிக்காத நடையில், நாம் அறியாத ஏதோ ஒரு பொருளைப் பற்றி இரு பிள்ளைகள் பேருந்தில் தமிழில் சிரித்துப் பேசினால், முதலில் பிழையைத் திருத்தத் தோன்றுகிறதா, மகிழத் தோன்றுகிறதா? இவ்வினாவை ஒவ்வொருவரும் தமக்குள் கேட்டுக்கொள்ளலாம்.

இவ்வகையில் நமக்கு வழிகாட்டுவோர் இல்லாமல் இல்லை. தமிழவேள் கோ. சாரங்கபாணி 1935இல் தோன்றிய தமிழ் முரசின் வழியாகவும், 1950களில் அவர் முன்னின்று நடத்திய தமிழர் திருநாளின் வழியாகவும் இந்நாட்டுத் தமிழரை ஒன்று திரட்டினார். 1957இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, தமிழர்கள் குடிமக்களாகப் பதிந்துகொள்ளும்படி ஊக்கினார். அக்காலத் தமிழர்க்கு அவர் தேவைப்பட்டார் என்பதில் ஐயமில்லை. ஆயின் அவர் செய்தவற்றின் இயல்பைக் கவனிக்க வேண்டும். குடியுரிமை பெற்றவன் தன் உரிமைக்குத் தானே குரல் கொடுப்பான். மாணவர் மணிமன்றம் என்னும் பகுதியை முரசில் அமைத்து இளைஞர்கள் கையில் பேனாவைக் கொடுத்தார். அவர்களுள் பலர் பின்னாளில் எழுத்தாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் விளங்கினர். 1974இல் அவர் மறைந்தார். முரசு இன்றும் நாளிதழாக வெளிவருகிறது. இல்லாத காலத்திலும் நிற்கக்கூடியவற்றையே அவர் எழுப்பினார்.

அதிவீரர் இலக்கணத்துக்கு நம் காப்பியங்களில் முதல்வன் அனுமன். கம்பர் அவனைப் படைத்திருக்கும் விதம் இவ்வாராய்ச்சிக்குப் பேரொளி தருகிறது. அசோகவனத்தில் சீதையைக் கண்ட அனுமன், தன் தோளில் அவளைச் சுமந்துசென்று இராமனிடம் சேர்ப்பதாகச் சூளாமணிப் படலத்தில் விண்ணப்பிக்கிறான். அதனைச் செய்யும் ஆற்றல் அவனுக்கு உண்டு. சீதை மறுக்கிறாள். தன் சொல்லாலேயே உலகங்களைச் சுட்டெரிக்க வல்லவள் தான் என்றும், அது இராமன் வில்லின் ஆற்றலுக்கு இழுக்காகும் என்றே அடங்கியிருப்பதாகவும் உணர்த்துகிறாள். ஆதரவற்றவள் என்று எண்ணப்பட்டவள், ஆற்றலோடு காத்திருப்பவள் என்பது அப்போது வெளிப்படுகிறது. இவ்விடத்தில் அனுமன் நடந்துகொள்ளும் முறையே வியப்புக்குரியது. அவன் மனம் சுருங்கவில்லை, வற்புறுத்தவில்லை, அவள் பெருமையைப் போற்றி, இராமனிடம் கூற வேண்டிய செய்தி யாது என்று கேட்கிறான். உதவ வந்தவன் தூதனாக மட்டும் திரும்புகிறான்.

திரும்பியபின் நிகழ்வது இன்னும் சிறப்பு. கடற்கரையில் காத்திருந்த வானரர்களிடம் சீதையின் தவத்தைச் சொல்கிறான். அவள் தந்த அடையாளத்தைச் சொல்கிறான். அரக்கரோடு தான் செய்த போரையும், இலங்கையை எரித்ததையும் தன் வாயால் சொல்ல நாணி விட்டுவிடுகிறான். அவன் உடலிலுள்ள புண்களைக் கண்டே மற்றவர்கள் போர் நடந்ததை உணர்ந்துகொள்கிறார்கள். தான் காத்த கதையைச் சொல்லிக்கொள்ள வேண்டிய தேவை இல்லாத வீரன் அவன். அவனுடைய பேராற்றலினும் இந்த நாணமே அரியது.

ஒழுங்கான ஊரில் குற்றம் நடக்காத நாளில் அதிவீரன் என்ன செய்வான் என்று கேட்ட மாணவிக்கு இப்போது விடை கூறலாம். அன்று அவன் வீட்டுக்குச் செல்வான். மனைவியோடும் மக்களோடும் அமர்ந்து உண்பான். தன்னை அழைக்காத ஊரைப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று மகிழ்வான். அது முடியுமானால் அவன் வீரன்.

நம் வகுப்பறைக்கு இதனைப் பொருத்திப் பார்த்தால் செய்ய வேண்டியவை சிறியவை. வினாக் கேட்டபின் விடையை நாமே சொல்லிவிடாமல் இன்னும் பத்து நொடி பொறுத்திருக்கலாம். தமிழ்மொழி விழா நிகழ்ச்சியை நாம் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்விக்காமல், பிள்ளைகளே எழுதி, பிழைகளோடு மேடையேற விடலாம். தம் வழக்கை, வேடிக்கையை, கோபத்தைத் தமிழில் சொல்ல அவர்களுக்கு இடம் தரலாம். மூத்த ஆசிரியர் தம் குறிப்பேடுகளை இளையவரிடம் கொடுத்து, அவற்றில் எதை வேண்டுமானாலும் நீக்க உரிமை தரலாம். நமக்கு உடல்நலம் குன்றிய நாளில் பிறர் உதவியைக் கூசாமல் பெறவும் பழகலாம். பெறத் தெரிந்தவர் கொடுத்தாலே, பெறுகிறவர்க்கு அது சுமையாக இராது.

வள்ளுவப் பெருந்தகை ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்தில் பிறர்க்கு உதவும் பேரறிவாளனின் செல்வத்தை ஊருணிக்கும், ஊர் நடுவே பழுத்த மரத்துக்கும், மருந்து மரத்துக்கும் ஒப்பிட்டார். இவை மூன்றும் எவரையும் கூவி அழைப்பதில்லை. வந்தவர் மொண்டு செல்வார், பறித்துச் செல்வார். வாராதவர் மீது அவற்றுக்கு வருத்தமும் இல்லை. வேறொரு கிணற்றில் நீர் கிடைத்துவிட்டதென்று எந்த ஊருணியும் வற்றுவதில்லை.

எனக்குப் பணி ஓய்வுக்கு இன்னும் சில ஆண்டுகளே உள்ளன. வேண்டப்படும் வேட்கை அதற்குள் தணிந்துவிடும் என்று நான் நம்பவில்லை. தணிய வேண்டும் என்றும் நினைக்கவில்லை. யார் வருகிறார்கள் என்று கரையில் நின்று எண்ணிக்கொண்டிராமல், குளத்தில் இறங்கித் தூர்வாரும் வேலையில் அதனை ஈடுபடுத்தலாம். நாளை எவருக்கோ தாகம் எடுக்கும். அப்போது நீர் இருக்க வேண்டும்.